பிடியரிசியும் பிடிப்பயறும்: எங்கள் வியாழக்கிழமைப் பந்தியைத் திருத்தின கணக்கு

போன வியாழக்கிழமை பந்தி முடிந்ததும் சமையல் அக்கா சருவத்தைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஒரு கரண்டிச் சோறு. "அஞ்சு கிலோதான் போட்டேன், ஆளு 43. இன்னும் கொண்டான்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். 2024 தொடக்கத்தில் இதே கூட்டத்துக்கு 9 கிலோ அரிசி வடித்தும் கடைசி வரிசைக்குப் பற்றாது. நடுவே 14 மாதம், வீணாய்ப்போன 10 கிலோ கம்பு மாவு, கோபித்துக்கொண்டு போன ஒரு தாத்தா, இரண்டு கமிட்டிக் கூட்டம். பக்கத்துச் சேகரத்திலிருந்து, அதாவது பக்கத்துச் சபைகளிலிருந்து, சுகர் உள்ள பெரியவர்கள் இலையில் சோற்றை எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். வாயால் சொன்னால் சரியாக வந்ததை மட்டும் சொல்லிவிடுவேன். அதனால் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

ஊர், தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்குகிற இடம். சி.எஸ்.ஐ. சபை; கோயில் என்று நாங்கள் சொல்வது சர்ச்சைத்தான். பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விட, எழுபது தாண்டியவர்கள் தனியாக இருக்கிற வீடுகள் நிறைய. வியாழன் மதியம் கோயிலுக்குப் பின்னால் ஓய்வுநாள் பள்ளி ஹாலில் அவர்களுக்குச் சாப்பாடு. பல வருஷமாக நடக்கிறது. அரிசி வாங்குவதில்லை, பிடியரிசிதான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்து ஓலைப்பெட்டியில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அரிசிக்குச் செலவில்லை என்பதால் இலையில் சோறு மலையாக இருக்கும். கூடவே சாம்பார், அப்பளம், ஊறுகாய், மாதம் ஒருமுறை பாயசம்.

உட்காருகிறவர்களில் பாதிக்கு மேல் சுகர் மாத்திரை போடுகிறவர்கள். ஒரே வருஷத்தில் இரண்டு பேருக்குக் கால் விரலை எடுத்தார்கள். எனக்கும் எட்டு வருஷமாகச் சுகர் உண்டு. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னதைச் செய்தியில் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன்தான் நான். பிறகு ஒரு வியாழக்கிழமை வாளியோடு நடந்து, ஒவ்வொரு இலையிலும் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கை கூசியது. அவர்கள் நோய்க்கு நாங்களே பரிமாறிக்கொண்டிருந்தோம்.

முதல் யோசனை எல்லாருக்கும் வருவதுதான். தானியத்தை மாற்று. பைபிளில் எசேக்கியேல் நான்காம் அதிகாரம் ஒன்பதாம் வசனத்தில் தினையும் கம்பும் வருகிறது, அதை வைத்து ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு பிரசங்கம் செய்யுங்கள் என்று ஐயரிடம், அதாவது எங்கள் சபைப் போதகரிடம், போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "பன்னிரண்டாம் வசனத்தையும் வாசிச்சுட்டு வாங்க" என்றார். வாசித்தேன். அது எருசலேம் முற்றுகைக்கு அடையாளமாக அளந்து தின்கிற அப்பம். எதை எரித்து அதைச் சுட வேண்டும் என்று பன்னிரண்டாம் வசனம் சொல்வதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல முடியாது. ஐயர் தானியேலை எடுத்துக்கொண்டார். ராஜாவின் சாப்பாட்டை வேண்டாம் என்று பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கேட்டு, "பத்துநாள்வரைக்கும் உமது அடியாரைச் சோதித்துப்பாரும்" என்கிற இடம். நல்ல பிரசங்கம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஒரு குடும்பம் கல்யாண நாள் ஸ்தோத்திரமாக முதலூர் மஸ்கோத் அல்வாவைக் கையில் கையில் வைத்துக்கொண்டிருந்தது. ஐயரும் வாங்கினார், நானும் வாங்கினேன்.

கம்பங்கஞ்சி

சாம்பல் புதனுக்கு மறுநாள், 2024 பிப்ரவரி 15, தொடங்கினோம். கோவில்பட்டியிலிருந்து கிலோ 45 ரூபாய்க்கு 15 கிலோ கம்பு. மூன்று வாரத்துக்கு ஆகட்டும் என்று மொத்தத்தையும் மில்லில் நைசாகத் திரித்துவிட்டேன். அது முதல் தப்பு. கம்பு மாவு நிற்காது. இரண்டாவது வாரமே ஒரு கசப்பு வாடை வந்தது, மூன்றாவது வாரம் டின்னைத் திறக்கவே முடியவில்லை. 10 கிலோ மாட்டுக்குப் போனது. திரிப்புக் கூலியோடு 530 ரூபாய்.

அந்த முதல் வியாழன் 32 பேர் வந்தார்கள், பாதி பேர் குடித்தார்கள். ஒரு தாத்தா தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கோயில்ல கஞ்சித்தொட்டி தொறந்துட்டியளோ?" என்றார். கஞ்சித்தொட்டி என்பது பஞ்சத்தில் இலவசமாகக் கஞ்சி ஊற்றின இடம். தாது வருஷப் பஞ்சம் 1876-78. அவர் அதைப் பார்த்திருக்க வழியில்லை, அவருடைய தாத்தா பார்த்திருக்கலாம். ஆனால் இந்தப் பக்கம் கஞ்சித்தொட்டி என்கிற சொல் இன்னும் சாகவில்லை. அரிசிச் சோறு தின்பதற்காக இரண்டு தலைமுறை உழைத்து மேலே வந்தவர்களை மறுபடி கஞ்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. வெல்லம் போட்டுத் தரலாமா என்று யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதிவைக்கிறேன்.

இன்னொன்று. நைசாகத் திரித்த கஞ்சியை இரண்டு டம்ளர் மடமடவென்று குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து என் சுகரைப் பார்த்தேன். 226. அதற்கு முந்தின வியாழன் அரிசிச் சோறு தின்று பார்த்தது 218. கம்பு என்று பேர் இருந்தால் போதாது, மாவாக்கிக் கரைத்துக் குடித்தால் வேகமாக ஏறிவிடும். இரண்டே அளவு, என் ஒருவன் உடம்பு. ஆனாலும் ஆறு வாரத்தில் கஞ்சியை நிறுத்த அது போதுமானதாக இருந்தது.

குதிரைவாலி

ஈஸ்டர் முடிந்து ஏப்ரலில் குதிரைவாலி அரிசி. விளாத்திகுளம் பக்கத்துச் சரக்கு, கிலோ 110. சோறாகவே வடிக்கலாம், யாரும் கஞ்சி என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் வைத்து அழகாக வந்தது. அதே கணக்கில் 6 கிலோ போட்டால் களி. பெரிய சருவத்தில் மூடி வேகவைக்கும்போது ஆவியாகிப் போவது குறைவு. மூன்று வாரம் களி தின்ற பிறகு பிடிபட்ட கணக்கு இது: ஒரு மக்கு அரிசிக்கு இரண்டு மக்குத் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசி. எட்டு நிமிஷம், அடுப்பை அணைத்துவிட்டு மூடியபடி பதினைந்து நிமிஷம். நடுவில் திறந்து கிண்டக் கூடாது. அக்காவின் கையைப் பிடித்து வைக்காத குறை.

கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுதானியத்தில் அந்தத் தானியத்தின் அளவிலேயே கல் இருக்கும், சொளவில் புடைத்தால் போகாது. முதல் வாரம் ஒரு பாட்டியின் பல்செட்டில் கல் மாட்டியது. நல்ல வேளை, உடையவில்லை. பிறகு இரண்டு பாத்திரம் வைத்து அரிக்கத் தொடங்கினோம். தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி மேலே மிதப்பதை அடுத்த பாத்திரத்துக்கு மாற்ற, கல் அடியில் நிற்கும். 6 கிலோ அரிக்க 40 நிமிஷம். இந்த வேலை தெரிந்தவர்கள் எங்கள் சபையில் நான்கு பேர், எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். அவர்களில் இருவர் அதுவரை சாப்பிட மட்டும் வந்தவர்கள். அரிக்க வந்த நாளிலிருந்து அந்த இருவரும் குதிரைவாலியைக் குறை சொல்லவில்லை.

மற்றவர்கள் சொன்னார்கள். 43 பேர் 29 ஆனார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைவிடப் பெரிய வருத்தம். "எங்க பிடியரிசி இனி வேண்டாமா?" ஞாயிற்றுக்கிழமை அரிசியை ஏலம் விட்டு அந்தப் பணத்தில் குதிரைவாலி வாங்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். கணக்குக்கு அது சரி. ஆனால் ஒரு பிடி அரிசியைக் குடும்பத்துக்காக ஜெபித்து எடுத்துவைக்கிறவர்களுக்கு, தன் அரிசி அந்த உலையில் வேகிறது என்பதுதான் காரியம். ஏலத்தில் யாரோ எடுத்துப் போவதல்ல. ஐயரின் மனைவி, ஐயரம்மாதான் இதை எனக்கு விளக்கிச் சொன்னார்.

ஜூலையில் இறங்கி வந்தேன். பாதிக்குப் பாதி. முதலில் காலே காலாகக் குதிரைவாலி, செப்டம்பருக்குள் பாதி. இரண்டும் வேகும் நேரம் வேறு. புழுங்கலரிசியை முதலில் போட்டு, பதினைந்தாவது நிமிஷம் அரித்த குதிரைவாலியை அதே உலையில் சேர்த்து, எட்டு நிமிஷத்தில் வடித்தால் இரண்டும் ஒன்றாக நிற்கும். முழுக்கக் குதிரைவாலி என்கிற ஆசையை அதோடு விட்டேன். கூட்டம் திரும்பி வந்தது. சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. அரிசி நாலரை, குதிரைவாலி நாலரை, அதே 9 கிலோ.

பிடிப்பயறு

பிடி எடுத்துவைக்கிற கை இருக்கிறதே, அந்தக் கையில் அரிசிக்குப் பதில் பயறு இருந்தால் என்ன என்று கேட்டது ஐயரம்மா. அரிசி பாதி வீடு, பயறு பாதி வீடு என்று ஆகஸ்டில் பிரித்தோம். முதல் ஞாயிறு வந்த பெட்டியைப் பார்த்து அக்கா தலையில் கை வைத்தார். சிறுபயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எங்கேயோ பரணில் கிடந்த பட்டாணி எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. சேர்த்து வேகவைத்தோம். சிறுபயறு குழைந்து கூழானது, கொண்டைக்கடலை கோலிக்குண்டாக உருண்டது.

இரண்டு திருத்தம். ஒன்று, தெருவுக்கு ஒரு பயறு: வடக்குத் தெரு சிறுபயறு, தெற்குத் தெரு தட்டைப்பயறு, கோயில் தெரு கொண்டைக்கடலை. வாரம் ஒரு தெருவின் பயறு வேகும், அந்தத் தெருக்காரர்களுக்கு அன்றைக்குத் தனிக் கவனம். "இன்னைக்கு எங்க பயறு" என்று சொல்லிக்கொண்டே உட்காருவார்கள். இரண்டாவது, தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படியும். அதில் எவ்வளவு ஊறினாலும் பயறு மெத்தென்று ஆகாது. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரைப் புதன் சாயங்காலமே இரண்டு குடம் பிடித்து அதில்தான் ஊறவைக்கிறோம். தட்டைப்பயறு எட்டு மணி நேரம், கொண்டைக்கடலை பன்னிரண்டு. ஆளுக்கு 60 கிராம் கணக்கில் இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல், 20 லிட்டர் குக்கரில் ஒரே ஈடு.

முருங்கைக்கீரைக்குக் காசு இல்லை, எல்லா வளவிலும் மரம் நிற்கிறது. உருவுவதுதான் தண்டனை. புதன் ராத்திரி கொப்புகளைப் பழைய வேட்டியில் இறுக்கிக் கட்டிவைத்தால் காலையில் உதறினாலே இலை கொட்டிவிடும். இதை மூன்று மாதம் கழித்து ஒரு பாட்டி போகிற போக்கில் சொன்னார். அதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கல்லியே" என்றார்.

உப்பில் அவசரப்பட்டேன். அக்கா "ரெண்டு கை" போடுவதைத் தராசில் வைத்துப் பார்த்தால் 140 கிராம், சாம்பாருக்கு மட்டும். நாளுக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே ஒரு சாம்பாரிலேயே தலைக்கு 3 கிராமுக்கு மேல் போகிறது. ஒரே வாரத்தில் பாதியாக்கினேன். அடுத்த வாரம் சுருக்குப்பைகளிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலங்கள் வெளியே வந்தன. அப்பளத்தையும் நிறுத்தியிருந்தேன். ஒரு பெரியவர் இலையைக் காட்டி, "தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல தம்பி, அப்பளத்தக் கொண்டா" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அப்பளம் திரும்ப வந்தது, பொரிக்காமல் தணலில் சுட்டு. உப்பை வாரம் 10 கிராம் வீதம் இறக்கி 90-இல் நிறுத்தினோம். புளியும் சீரகமும் கொஞ்சம் கூடினது, யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட நான் வருத்தப்படுவது செப்டம்பரில் செய்தது. குளுக்கோமீட்டர் வாங்கி, பந்திக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விரலில் குத்திப் பார்த்தேன். ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய். எண்ணைச் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதச் சொன்னேன். ஒரு தாத்தாவுக்கு 340. பக்கத்தில் இருந்தவர், "ராத்திரி அல்வா தின்னியரோ?" என்று கேட்டுச் சிரித்தார். தாத்தா இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார், மூன்று வாரம் வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது கேட்கிறவர்களுக்கு மட்டும், தனி அறையில், ரிட்டயர்டு நர்ஸ் சிஸ்டர் ஒருவர் பார்க்கிறார். எண் அவர்கள் இரண்டு பேருக்குள் இருக்கும்.

சிலிண்டர் தீர்ந்த நாள்

நவம்பரில் ஒரு வியாழன். சோற்று உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் தீர்ந்தது. மாற்றுச் சிலிண்டரை யாரோ கல்யாண வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். சுண்டலும் கீரையும் தயார், சோறு இல்லை. ஜெபம் பண்ணியாயிற்று, இலை போட்டாயிற்று. ஹாலில் முணுமுணுப்பு. ஐயர் எழுந்து, பவுல் கொரிந்து சபைக்கு எழுதினதைச் சொன்னார்: "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." சோற்றுக்காகவும் காத்திருப்போம், அதுவரை சுண்டலைச் சாப்பிடுங்கள் என்று ஒரு கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தார். சுண்டல், கீரை, மறுபடி சுண்டல், இரண்டு கீர்த்தனை. சோறு வர 20 நிமிஷம் ஆனது.

அன்றைக்குச் சோறு மிஞ்சியது. மீன் கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு தொங்கு தராசு, 350 ரூபாய்க்கு வாங்கியது, என்னிடம் இருந்தது. வாளியோடு தூக்கிப் பார்த்தேன். வெந்த சோறு 6 கிலோவுக்கு மேல் மிச்சம். ஒன்பது மாதமாகத் தானியத்தை மாற்றி, தண்ணீரை மாற்றி, உப்பை மாற்றி முக்கினவன், சோற்றைக் கடைசியில் கொண்டுவருவதை மட்டும் யோசிக்கவேயில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அதுவே முறை. எல்லாரும் உட்கார்ந்து ஜெபம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கரண்டி சுண்டல், கீரை. பிறகு ஒரு கீர்த்தனை, அந்த வாரத்துப் பிறந்தநாள் யார், ஆஸ்பத்திரியில் யார் என்கிற சேதி. பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிஷம். அதற்குப் பிறகு சோறு. சோற்றைக் குறையுங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது முறை வாளி போகும்போது கை தானாக இலையை மறைக்கிறது. டிசம்பரில் 7 கிலோ, பிப்ரவரியில் 6, இப்போது 5. எடுப்புச் சாப்பாட்டுத் தூக்குவாளி கொண்டுவந்தவர்களில் நடக்க முடிந்தவர்களை உட்கார்ந்து சாப்பிடச் சொல்லிவிட்டோம், ஏனென்றால் தூக்குவாளியில் எல்லாம் ஒன்றாகத்தான் போகும், வீட்டில் சோறுதான் முதலில் இறங்கும். நடக்க முடியாத ஆறு பேருக்கு மட்டும் கொண்டுபோகிறோம். அவர்களிடம் இந்த முறை பலிக்கவில்லை.

சோறு குறைந்ததும் ஒரு ஆபத்து வந்தது. டிசம்பரில் ஒரு பாட்டி பந்தி முடிந்து ஒரு மணி நேரத்தில் வியர்த்து, கை நடுங்கி, திண்ணையில் சாய்ந்துவிட்டார். சிஸ்டர் பார்த்தபோது சுகர் 58. சுகரை இறக்குகிற கிளிமிபிரைடு மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு சோற்றைப் பாதியாக்கியிருக்கிறார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். இப்போது ஹாலில் ஒரு டப்பா சர்க்கரை எப்போதும் இருக்கும். மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் சாப்பாடு மாறியதைச் சொல்ல வேண்டும் என்று மாதம் ஒருமுறை அறிவிக்கிறோம். சிறுநீரகக் கோளாறு உள்ள இரண்டு பேருக்குச் சுண்டல், கீரை கணக்கு வேறு, அவர்கள் இலையை சிஸ்டர் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது ஒரு வியாழன் செலவு: குதிரைவாலி இரண்டரை கிலோ 275, காய்கறி 250, துவரம்பருப்பு ஒன்றரை கிலோ 240, தேங்காய் நாலு 120, எண்ணெய் புளி மசாலா 130, கேஸ் கணக்குப் போட்டால் 270. மொத்தம் 1,285 ரூபாய், தலைக்கு 30-க்குள். அரிசியும் பயறும் பிடியில் வந்தவை. சோறு குறைந்ததில் மிஞ்சுகிற பிடியரிசி, நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அதே ஏலத்துக்குத்தான் போகிறது. இப்போது யாரும் வருத்தப்படுவதில்லை, தங்கள் அரிசியும் உலையில் வேகிறதே.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் கம்பு வாங்கமாட்டேன். முதல் மாதம் தானியத்தைத் தொடாமல் பரிமாறும் வரிசையை மட்டும் மாற்றிப் பார்ப்பேன். குளுக்கோமீட்டர் வாங்கும் முன் தொங்கு தராசு வாங்குவேன். கல் அரிக்கத் தெரிந்த அந்த நான்கு பேரிடம் இரண்டு வாலிபப் பிள்ளைகளையாவது உட்காரவைப்பேன். இன்னும் யாரும் உட்காரவில்லை.

அடுத்தது அசனம். சபை முழுக்க உட்காருகிற பந்தி, வெளியூர்க்காரர்களும் வருவார்கள். சோற்றிலும் குழம்பிலும் கை வைக்கக் கூடாது என்று கமிட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சோற்றுக்கு முன்னால் ஒரு கரண்டி சுண்டல் மட்டும் ஒப்புக்கொண்டார்கள், அதுவும் முதல் பந்திக்கு மட்டும். 600 இலை, 36 கிலோ தட்டைப்பயறு. எங்கள் குக்கர் ஆகாது, விறகடுப்பில் கொப்பரையில்தான் வேகவைக்க வேண்டும், அதில் பயறு ஒருசேர வேகுமா என்று அக்காவுக்குச் சந்தேகம். வருகிற சனிக்கிழமை 10 கிலோ போட்டுப் பார்க்கிறோம். விறகு சொல்லியாயிற்று. குழாய்த் தண்ணீர் எட்டுக் குடம் வேண்டும், வெள்ளிக்கிழமை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற முறை இல்லை.